12 தாரா, 15 ஊர்க்கோழி: தீன் செலவைக் குறைக்க என்ன கலவை போடலாம்?

வவுணதீவு வளவு (கேள்வி)

அண்ணன்மார், அக்காமார், ஒரு கணக்குக் கேட்க வேணும். படுவான்கரைப் பக்கம் (மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை), வயலோர வளவு. 12 காக்கி கெம்பல் தாரா (10 பெட்டை, 2 ஆண்), 15 ஊர்க்கோழி, மூன்று கிழமை வயதில் 8 தாராக் குஞ்சு. பெரியதுகளுக்கு மட்டும் ஒரு நாளைக்கு மூன்றரைக் கிலோ லேயர் மாஷ் (முட்டைக்கோழிக்குக் கடையில் விற்கிற மாத்தீன்) போகுது. காலையில் பேசினில் தண்ணி விட்டுக் கரைத்து வைக்கிறது, பின்னேரம் உலர்வாக ஒரு தரம். பகலில் எல்லாம் வெளியில்தான் மேயுது.

விலை தாங்காமல் இரண்டு கிழமைக்கு முதல் பாதி மாஷ், பாதி மில் தவிடு என்று ஒரே நாளில் மாற்றினேன். தாரா முட்டை 8இல் இருந்து 4க்கு இறங்கிட்டு, ஓடும் மெல்லிசு. குஞ்சுகளுக்கும் அதே கலவைதான். இரண்டு குஞ்சு முழங்காலில் குந்தி இருக்கு, எழும்பினால் கால் வில்லு மாதிரி வளையுது.

தவிடுதான் பிழையா? நம்மட பக்கம் கிடைக்கிற சாமானை வைத்து முட்டையும் குறையாமல் செலவும் குறையிற மாதிரி ஒரு கலவை சொல்லுங்க. மீன் கழிவு, அசோலா (தண்ணியில் மிதந்து வளர்கிற சின்னப் பாசி மாதிரிச் செடி) இரண்டும் எவ்வளவு உதவும்?

பட்டிருப்பு

தம்பி, முதலில் குஞ்சுகளைப் பாருங்க. மற்றதெல்லாம் நாளைக்குப் பேசலாம், இது இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை.

கால் வளைவதும் முழங்காலில் குந்துவதும் பெரும்பாலும் நியாசின் (விற்றமின் பி3) குறைபாடு. தாராக் குஞ்சுக்குக் கோழிக்குஞ்சை விடக் கூடுதலான நியாசின் வேணும்: ஒரு கிலோ தீனில் 55 மில்லிகிராம் அளவில் இருக்க வேணும். கோழிக்கென்று செய்த மாஷில் அது போதாமல் போகும்; நீங்கள் அதையும் பாதியாக்கிப் போட்டீங்க. தவிட்டில் நியாசின் இருக்குத்தானே என்று சிலர் சொல்வார்கள். இருக்கு, ஆனால் தானியத் தவிட்டில் அது பிணைந்து கிடக்கிறதால் பறவையின் குடலில் சேர்வது குறைவு.

பாமசியில் நிக்கோடினமைட் (நியாசினின் ஒரு வடிவம்) 50 மில்லிகிராம் குளிசை கேட்டு வாங்குங்க. ஒரு குளிசையைப் பொடியாக்கி ஒன்றரை லீற்றர் குடிதண்ணியில் கரையுங்க. அதைத் தவிர வேறு தண்ணி வைக்க வேண்டாம். ஒவ்வொரு நாளும் காலையில் புதிதாகக் கரைக்க வேணும். ஆரம்ப நிலை என்றால் சில நாளிலேயே எழும்பி நடக்கத் தொடங்கும். மூட்டு திரும்பி இறுகிய குஞ்சு முழுதாகத் தேறாது, அதனால்தான் அவசரம். நடை சரியான பிறகும் குஞ்சுகள் 8 கிழமை ஆகும் வரை தொடருங்க. கீழே கடதாசியோ வழுக்குகிற பொலித்தீனோ விரித்திருந்தால் அதையும் எடுத்துவிட்டு வைக்கோல் போடுங்க. வழுக்கினாலும் கால் அகன்று போகும்.

குஞ்சுகளுக்கு லேயர் மாஷ் கூடாது. அதில் இருக்கிற சுண்ணாம்புச்சத்து முட்டையிடுகிற பறவைக்கு அளந்தது, வளர்கிற குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முதல் மூன்று கிழமை 20 முதல் 22 வீதப் புரதம் உள்ள ஸ்டார்டர் (குஞ்சுத் தீன்), பிறகு 16 வீதத்துக்கு இறக்கலாம். 8 குஞ்சுக்கு இது பெரிய செலவில்லை, இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். பாண் போடவும் வேண்டாம்.

அடுத்தது உங்கட மூன்றரைக் கிலோ. கூட்டிலேயே அடைத்து வளர்த்தால் ஒரு முட்டைத் தாரா 160 கிராம் அளவில் தின்னும், ஊர்க்கோழி 90 கிராம் அளவில். 12 தாராவுக்கு 1.9 கிலோ, 15 கோழிக்கு 1.35 கிலோ, கூட்டினால் 3.3 கிலோ. வெளியில் ஒரு மணி கூட மேயாத பறவைக்குப் போடுகிற அளவையும் தாண்டி நீங்கள் போடுறீங்க. மேய்கிற பறவைக்கு அவ்வளவு தேவையில்லை என்றால் மிச்சம் எங்கே போகுது? பேசினுக்குள்ளேயும் தண்ணிச் சட்டிக்குள்ளேயும்.

தாரா ஒரு வாய் தீன் எடுத்தால் உடனே ஓடிப் போய்த் தண்ணியில் அலகை முக்கும். வாயில் இருந்த மாவில் ஒரு பகுதி தண்ணியோடு போகும். கரைத்து வைத்தால் இன்னும் மோசம்: மிதித்து, குளித்து, நம்மட வெயிலுக்கு இரண்டு மணித்தியாலத்தில் புளித்துப் போகும். மாவைப் புட்டுக்குக் குழைக்கிற பதத்தில் பிசறுங்க. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேணும், விரலால் தட்டினால் உதிர வேணும். மூன்று பங்கு தீனுக்கு ஒரு பங்கு தண்ணியில் தொடங்கிக் கையால் பார்த்துச் சேருங்க. அரை மணித்தியாலத்தில் முடிகிற அளவு மட்டும் வையுங்க.

தொட்டிக்கு 4 அங்குல பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து இரண்டு முனையும் அடைத்தால் போதும். இரண்டு பக்கமும் நின்று தின்ன 12 தாராவுக்கு முக்கால் மீற்றர் நீளம் காணும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பினால் அலகால் வாரி வெளியே எறியும். தண்ணி இரண்டு மீற்றர் தள்ளி இருக்கட்டும், அதுக்கு மேல் தூரம் வேண்டாம்: உலர் மா தொண்டையில் சிக்கினால் தண்ணி உடனே கிடைக்க வேணும். தண்ணிச் சட்டி 8 முதல் 10 சென்ரிமீற்றர் ஆழம், மூக்குத்துளையும் கண்ணும் முங்கிக் கழுவுகிற அளவு. கீழே கல்லுப் போட்ட குழி, மேலே கம்பி வலை, அதுக்கு மேல் சட்டி என்று வைத்தால் சேறு வராது.

சம்மாந்துறை மில்லடி

மேலே சொன்னது சரி. தவிட்டுக் கதையை நான் சொல்றேன்.

தவிடு கெட்ட தீன் இல்லை. நல்ல தவிட்டில் 12 வீதம் வரை புரதமும் நிறைய எண்ணெயும் இருக்கு, தாரா அதைக் கோழியை விட நல்லாகச் செமிக்கும். பிழை மூன்று இடத்தில் வரும்.

ஒன்று, அது தவிடா உமியா என்பது. சின்ன மில்லில் ஒரே கல்லில் குற்றி வருகிற தவிட்டில் உமித்தூள் நிறையக் கலந்திருக்கும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்க: நல்ல தவிடு எண்ணெய்ப் பசையோடு கட்டியாக நிற்கும், உமி கூடினது பொலபொலவென்று கொட்டும், உள்ளங்கையைக் குத்தும். ஒரு கிளாஸ் தண்ணியில் போட்டால் உமி மேலே மிதக்கும். மிதக்கிறது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

இரண்டு, காறல். பச்சையரிசித் தவிடு நெல்லைக் குற்றின அன்றைக்கே கெடத் தொடங்கும். அதில் இருக்கிற நொதி எண்ணெயை உடைக்கும், ஒரு கிழமையில் காறல் மணமும் கசப்பும் வரும். காறின தவிடு விற்றமின் ஈயையும் அழிக்கும். புழுங்கல் மில்லில் நெல்லை அவிக்கும்போது அந்த நொதி செத்துப் போறதால் அந்தத் தவிடு கூட நாள் நிற்கும், எண்ணெயும் அதில் கூடுதலாக இருக்கும். ஆகவே புழுங்கல் தவிட்டைத் தேடி வாங்குங்க. பச்சைத் தவிடுதான் கிடைக்குது என்றால் வாங்கின அன்றே பெரிய தாச்சியில் கைவிடாமல் கிண்டி வறுத்து, ஆறவிட்டு மூட்டை கட்டுங்க. வறுக்காததை ஒரு கிழமைக்குள் முடியுங்க.

மூன்று, உங்களுக்கு நடந்தது இதுதான்: தவிடு கூடினதும் புரதமும் சுண்ணாம்புச்சத்தும் ஒரேயடியாக விழுந்து போச்சு. மாஷில் 3 வீதத்துக்கு மேல் இருந்த கால்சியம் பாதிக்கு வந்துட்டு, தவிட்டில் கால்சியம் இல்லாத மாதிரித்தான். அது மட்டுமில்லை, தவிட்டில் உள்ள பைற்றேட் என்கிற சத்து இருக்கிற கொஞ்சக் கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓடு மெல்லிசாகாமல் என்ன செய்யும்? இனி எதை மாற்றினாலும் 7 முதல் 10 நாள் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்க.

10 கிலோ கலவை, முட்டைத் தாராவுக்கு:

நல்ல தவிடு 3.5 கிலோ
குறுநல் அரிசி (உடைந்த அரிசி) 3 கிலோ
தேங்காய்ப் புண்ணாக்கு 2 கிலோ
எள்ளுப் புண்ணாக்கு 700 கிராம்
உப்பில்லாத காய்ந்த மீன்தூள் 800 கிராம்

புரதம் கிட்டத்தட்ட 17 வீதம் வரும். எள்ளுப் புண்ணாக்குக் கிடைக்காத இடத்தில் அதே அளவு சோயாப் புண்ணாக்கு. ஊர்க்கோழிக்கும் இதைப் போடலாம், ஆனால் தவிட்டை 2.5 கிலோவாக்கிக் குறுநலை 4 கிலோவாக்குங்க. தேங்காய்ப் புண்ணாக்கை 2 கிலோவுக்கு மேல் ஏற்ற வேண்டாம், நார் கூடி முட்டை குறையும். குஞ்சுக்கு இந்தக் கலவை சரிவராது.

எதை வாங்கினாலும் மூட்டை விலையைப் பார்க்காதீங்க, புரதத்தின் விலையைப் பாருங்க. கிலோ விலையைப் புரத வீதத்தால் பிரித்து 100ஆல் பெருக்கினால் ஒரு கிலோ புரதம் என்ன விலை என்று வரும். உதாரணத்துக்கு, 20 வீதப் புண்ணாக்கு கிலோ 120 ரூபாய் என்று வைத்தால் புரதம் கிலோ 600. 50 வீத மீன்தூள் கிலோ 280 என்றால் 560. பார்வைக்கு விலை கூடினது உண்மையில் மலிவு. மாவுச்சத்து நம்மட பக்கம் வயலிலேயே கிடக்கு, காசு கொடுத்து வாங்க வேண்டியது புரதம்தான்.

கடைசியாக ஒன்று, இதைக் கவனமாக வாசியுங்க. பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கு தாராவைக் கொல்லும். அஃப்ளாரொக்சின் நஞ்சுக்குத் தாராக் குஞ்சைப் போல இலகுவில் சாகிற வளர்ப்புப் பறவை வேறு இல்லை. கழுவினாலும் அவித்தாலும் அந்த நஞ்சு போகாது. கட்டி பிடித்து, பச்சை அல்லது கறுப்புப் புள்ளி விழுந்து, புழுங்கின மணம் வந்தால் முழு மூட்டையையும் எறியுங்க, நல்ல பக்கத்தைக் கிள்ளி எடுக்க வேண்டாம். கார்த்திகை, மார்கழி மழைக்குள் இரண்டு கிழமைத் தேவைக்கு மேல் வாங்காதீங்க. மூட்டையைச் சீமெந்து நிலத்தில் வைக்காமல் பலகை அடுக்கி, சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வையுங்க. நிலக்கடலைப் புண்ணாக்கும் பழைய சோளமும் இதே ஆபத்துத்தான்.

தம்பிலுவில் கரை

மீனுக்கு வாறேன்.

மீன்தலை, குடல், செவுள், இறால் தலை எல்லாம் சந்தை முடிகிற நேரத்தில் சும்மாவே கிடைக்கும். பச்சையாகப் போடக்கூடாது. பல மீன்களின் பச்சைக் குடலில் விற்றமின் பி1ஐ அழிக்கிற நொதி இருக்கு, கிருமியும் புழுவும் வேறு. கொதி வந்த பிறகு 20 நிமிடம் அவித்து, முள் மசிகிறதுகளை மசித்து, தடித்த முள்ளை எடுத்துவிடுங்க. ஒரு தாராவுக்கு நாளொன்றுக்கு 50 கிராம் அவித்த கழிவு போட்டால் 8 கிராம் அளவில் புரதம் கிடைக்கும். முட்டையிடுகிற தாராவுக்கு ஒரு நாளைக்கு 26 கிராம் அளவில் புரதம் வேணும், அதில் மூன்றில் ஒரு பங்கு இதிலேயே வந்துட்டு. அவித்த மீன் போடுகிற நாளில் கலவையில் மீன்தூள் வேண்டாம். இதுக்கு மேல் ஏற்றினால் முட்டையில் மீன் வாடை வரும், வாங்குகிற ஆட்கள் திரும்பி வரமாட்டார்கள்.

அவிக்க முதல் ஒவ்வொரு மீனாகப் பார்த்துப் பொறுக்குங்க. வலையில் விழுந்து எறிகிற மீனுக்குள் பேத்தை (உடம்பை ஊதிப் பெருப்பிக்கிற நஞ்சு மீன்) கிடக்கும். பேத்தையின் நஞ்சு எவ்வளவு அவித்தாலும் அழியாது. ஒன்று தப்பிப் பானைக்குள் விழுந்தால் முழுப் பானையையும் ஆழமாகப் புதைக்க வேண்டியதுதான்.

மீன்தூளுக்கு உப்பில்லாத மீன் என்று மேலே சொன்னதை இலேசாக எடுக்காதீங்க. உப்புக் கருவாட்டுத் தலையில் 15 வீதம் உப்பு இருந்தால், 800 கிராமில் 120 கிராம் உப்பு. 10 கிலோவில் அது 1.2 வீதம். பறவைக்கு அரை வீதத்துக்குள் இருக்க வேணும். கூடினால் தண்ணியாகக் கழியும், நடை தள்ளாடும், குஞ்சு சாகும். உப்புத் தலைதான் கிடைக்குது என்றால் இரவு முழுக்க ஊறவைத்து, இரண்டு தரம் தண்ணி மாற்றி, திரும்பக் காயவைத்து இடியுங்க. பச்சை மீன்தலையை அவித்து வெயிலில் காயவைத்து இடிக்கிறது இதை விட நல்லது.

ஓட்டுக்கு: வாவிக்கரையில் கிடக்கிற மட்டிச் சிப்பியைக் கழுவிக் காயவைத்து, உரலில் போட்டு மிளகு அளவுக்கு உடையுங்க. மாவாக்கினால் வயிற்றில் தங்காமல் போயிரும். மிளகு அளவில் இருந்தால் இராவில் ஓடு கட்டுகிற நேரம் மெல்ல மெல்லக் கரைந்து கொடுக்கும். தீனில் கலக்காமல் தனிச் சட்டியில் வையுங்க. முட்டையிடுகிறது தேவைக்கு எடுக்கும், ஆண் தாரா தொடாது. குஞ்சுகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்க. முட்டை ஓட்டையும் வறுத்து நொறுக்கி இதோடு போடலாம். வெற்றிலைக்குப் போடுகிற நீற்றுச் சுண்ணாம்பு ஒரு காலமும் வேண்டாம், வாயையும் குடலையும் சுட்டுரும்.

கீரைக்குக் கங்குன் தாராளமாகப் போடலாம். முருங்கை இலை நிழலில் காயவைத்துப் பொடியாக்கினால் மஞ்சள் கருவுக்கு நிறமும் வரும். இப்பில் இப்பில் (சவுண்டல்) இலையைக் கூட்டிப் போட வேண்டாம், அதில் உள்ள நஞ்சுச்சத்து முட்டையை நிறுத்தும். தேங்காய்ப்பூப் பிழிந்த சக்கை, மிஞ்சின சோறு எல்லாம் அன்றன்றைக்கே போட வேணும். புளித்தது வேண்டாம்.

கல்முனை வளர்ப்பு

அசோலாத் தொட்டி ஒன்று போட்டால் தீன் வாங்கவே தேவையில்லை என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா?

பட்டிருப்பு

இல்லை, தங்கச்சி. கணக்கைப் பாருங்க. உலர்ந்த அசோலாவில் 20 வீதத்துக்கு மேல் புரதம் என்பது சரி. ஆனால் பச்சை அசோலாவில் 94 வீதம் தண்ணி. ஒரு கிலோ பச்சை அசோலா காய்ந்தால் 60 கிராம், அதில் புரதம் 13 கிராம். 2 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலத் தொட்டி நல்லாக ஓடினால் நாளுக்கு அரைக் கிலோ அள்ளலாம். அது 6 அல்லது 7 கிராம் புரதம், ஒரேயொரு தாராவின் கால்வாசித் தேவை. வெளியில் மேய வழியில்லாத இடத்தில் கீரைக்குப் பதிலாக நல்லது, விற்றமினுக்கும் கருவின் நிறத்துக்கும் நல்லது. புரதத்துக்கு அதை நம்பி மீனையும் புண்ணாக்கையும் நிறுத்தினால் முட்டை நிற்கும்.

போட விருப்பம் என்றால்: பொலித்தீன் விரித்த தொட்டியில் அரித்த மண் 10 கிலோ, 10 லீற்றர் தண்ணியில் கரைத்த மாட்டுச் சாணம் 2 கிலோ, ரீஎஸ்பி (பொசுபரசுப் பசளை) 10 கிராம், தண்ணி 10 சென்ரிமீற்றர் உயரத்துக்கு, விதை அசோலா ஒரு கிலோ. இரண்டு கிழமையில் மூடி வளரும். ஐந்து நாளுக்கு ஒரு தரம் ஒரு கிலோ சாணமும் 7 கிராம் பசளையும். கச்சான் காற்று (சூடான உலர் காற்று) அடிக்கிற மாதங்களில் மேலே கிடுகு கட்டி அரை நிழல் கொடுக்காவிட்டால் சிவந்து அழுகிரும். போடும்போது நல்ல தண்ணியில் கழுவிப் போடுங்க, சாணத் தண்ணியோடு போட வேண்டாம்.

சம்மாந்துறை மில்லடி

தம்பிக்கு வயலோர வளவு என்றதால் மேய்ச்சலைச் சொல்லாமல் விட முடியாது. உண்மையான மிச்சம் அதில்தான்.

பெரும்போக வெட்டு மாசி, பங்குனியில், சிறுபோக வெட்டு ஆவணி, புரட்டாதியில். மெசினால் வெட்டின வயலில் சிந்தின நெல், நத்தை, புழு எல்லாம் மூன்று நாலு கிழமைக்குத் தாராவுக்குக் கிடக்கும். அந்த நாட்களில் மாவுச்சத்துப் போடவே தேவையில்லை. பின்னேரம் 12 தாராவுக்கும் சேர்த்து மீன்தூள் 120 கிராம், புண்ணாக்கு 250 கிராம், தவிடு 250 கிராம், பக்கத்தில் சிப்பிச் சட்டி. தாராவுக்கு 50 கிராம்தான் வருது. வயல் முடிந்த காலத்தில் மேலே சொன்ன 10 கிலோக் கலவையில் 110 முதல் 120 கிராம் வரை ஏற்றுங்க.

தீனைப் பின்னேரம் போடுங்க. காலையில் வயிறு நிறைந்த தாரா மேயாது, குளத்தடியில் படுத்துக் கிடக்கும். ஆனால் காலை 8 மணிக்கு முதல் கூட்டைத் திறக்க வேண்டாம். தாரா விடியப்புறத்தில்தான் முட்டையிடும். 6 மணிக்குத் திறந்து விட்டால் முட்டை வரம்பிலும் வாய்க்காலிலும் போகும். 8 முட்டை 4 ஆனதில் கொஞ்சம் அப்படியும் போயிருக்கலாம், வளவைச் சுற்றித் தேடிப் பாருங்க.

போதுமா என்று அறிய, அடைகிற நேரம் கழுத்தின் அடியைத் தொட்டுப் பாருங்க. நீளமாக நிறைந்து இருந்தால் போதும். வெறுமையாக இருக்கிறதுகள் கூடினால் அன்றைக்குப் பத்துக் கிராம் கூட்டுங்க. மாதம் ஒருக்கா இரண்டு மூன்றைத் தூக்கி நெஞ்செலும்பைத் தடவுங்க, கத்தி மாதிரி குத்தினால் தீன் காணாது.

விதைத்த வயலுக்குள் விட வேண்டாம், விதை நெல்லையும் முளையையும் தின்னும். பயிர் ஒரு மாதம் தாண்டின பிறகு, கதிர் தள்ளும் வரைக்கும் விடலாம், வயற்காரர் சம்மதித்தால். மருந்து அடித்த வயல்தான் பெரிய ஆபத்து. எந்தத் துண்டுக்கு எப்போது அடித்தார்கள் என்று வட்டை விதானையை (வயலையும் தண்ணியையும் பார்க்கிற பொறுப்பாளர்) கேட்டுத் தெரிந்துகொள்ளுங்க. போத்தலில் எழுதின நாள் குறைவு என்றாலும் இரண்டு கிழமைக்குள் விட வேண்டாம். பக்கத்துத் துண்டுக்கு அடித்தாலும் தண்ணி ஒரே வாய்க்காலில்தான் வரும்.

குளம் வற்றுகிற காலத்தில் செத்த மீன் கிடக்கிற குட்டைக்குப் பக்கம் விடாதீங்க. அழுகின உடலிலும் அதில் நெளிகிற புழுவிலும் பொட்டுலிசம் நஞ்சு இருக்கும். தின்ற தாராவுக்குக் கழுத்து தொங்கும், கால் இழுக்கும், கனக்கத் தின்றது அன்றைக்கே சாகும். அப்படி ஒன்றைக் கண்டால் மிச்சத்தை உடனே அடைத்து நல்ல தண்ணி வைத்து, கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்க.

தம்பிலுவில் கரை

கோழிக்குஞ்சு வைத்திருக்கிறவர்களுக்கு: கறையான். ஒரு மண்முட்டியில் வைக்கோலும் காய்ந்த சாணமும் அடைத்து, தண்ணி தெளித்து, புற்றுக்கு மேல் கவிழ்த்து வைத்துச் சாக்கால் மூடுங்க. பின்னேரம் வைத்தால் விடியக் கறையான் ஏறி இருக்கும், வெயில் ஏற முதல் தட்டிக் கொட்டுங்க. வான்கோழி, கினிக்கோழிக் குஞ்சுக்கு முதல் நாலைந்து கிழமை 24 வீதத்துக்கு மேல் புரதம் வேணும், இங்கே சொன்ன எந்தக் கலவையும் அதுகளுக்குப் போதாது.

வவுணதீவு வளவு

குளிசை இன்றைக்கே தொடங்கிட்டேன், கடதாசியையும் எடுத்தாச்சு. தவிட்டைத் தண்ணியில் போட்டுப் பார்த்தேன், பாதிக்கு மேல் மிதக்குது. ஒரு கேள்வி: தாராவும் கோழியும் ஒரே தொட்டியில் தின்னலாமா? ஓடு மெல்லிசு எத்தனை நாளில் சரிவரும்?

பட்டிருப்பு

தனித்தனியாக வையுங்க. தாரா ஈரமாக்கின தீனைக் கோழி விரும்பாது, தாரா நனைத்த வைக்கோலில் கோழிக்குக் குடல் நோய் வரும். கோழித் தொட்டியை முழங்கால் உயரத்தில் பலகை போட்டு வைத்தால் காக்கி கெம்பல் ஏறாது. அதில் உலர்வாக, கோழிக்கு 50 முதல் 60 கிராம், பின்னேரம் மட்டும்.

சிப்பி வைத்து ஒரு கிழமைக்குள் ஓடு தடிக்கத் தொடங்கும். முட்டை எண்ணிக்கை திரும்ப மூன்று நாலு கிழமை எடுக்கும். அதுக்கிடையில் இறகு கொட்டத் தொடங்கியிருந்தால் அந்தத் தாரா இறகு மாற்றி முடிக்கும் வரை முட்டையிடாது, தீனைக் கூட்டியும் பிரயோசனமில்லை. இரண்டு கிழமை கழித்து முட்டைக் கணக்கையும் குஞ்சின் நடையையும் இங்கேயே எழுதுங்க. அந்த உமித் தவிட்டைத் தொட்டிக்குள் போடாமல் கூட்டுக்குள் விரியுங்க.